பாலைவனம் போய் வந்த அப்புசாமி

மலாக்கா பக்கம் மெர்லிமாவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்புசாமியிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். பஞ்சர், பிரேக், ரப்பர் விலை, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் எழுந்து போனார்கள் என்பது வரை அவனிடம் பதில் இருக்கும். பாலைவனம் என்ற பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. விவரம் தெரியாத எவனாவது, "அண்ணே, நீங்க சைக்கிள்லயே பாலைவனத்துல போனீங்களாமே, ஒட்டகம் பார்த்தீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தால், கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். கேட்டவனின் சைக்கிள் அன்றைக்குச் சக்கரம் கழன்றபடியே கிடக்கும்.

வயது நாற்பதுகூட ஆகவில்லை, தனிக்கட்டை. ஊர்க்காரர்கள் அவனுக்குத் திமிர் என்கிறார்கள். ஒட்டகம் பார்த்துவிட்டு வந்த கர்வமாம்! ஊர் வாய்க்கு என்ன, சும்மா இருந்தால் எதையாவது மென்றுகொண்டுதான் இருக்கும். நடந்ததைத் தெரிந்துகொண்டால் அந்த வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அப்புசாமி பிறந்தது அதே மலாக்காவில், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவன் இளைஞனாவதற்குள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பால்மரம் வெட்டுவதில், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் இறக்குவதில், அவனுக்கு நிகர் அந்தத் தோட்டத்தில் இல்லை. உளியை மரத்தில் வைத்தால் பட்டை காகிதம் மாதிரி சுருண்டு விழும், உள்மரத்தில் கீறல் இருக்காது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அந்த மயிரிழை ஆழத்தைக் கண்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட கண் அவனுக்கு.

அந்த வேலையில் பால் படாத இடம் உடம்பில் இருக்காது. பால் வழிந்த கையாலேயே நெற்றியைத் துடைப்பான், மூக்கைச் சொறிவான், கொசு கடித்தால் கண்ணையும் கசக்குவான். காய்ந்த பிறகு தோல் மாதிரி உரித்துப் போட்டால் தீர்ந்தது. தவழ்கிற வயதிலிருந்து பாலோடு புழங்கியவனுக்கு அதுவும் தண்ணீரும் ஒன்றுதான்.

மனைவி குஞ்சம்மா அதே தோட்டத்தில், கூலி ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய அதே லயத்தில் பிறந்தவள். அவளும் பால் வெட்டினாள். கல்யாணமான புதிதில் அப்புசாமி பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைக் கழற்றி மாட்டியே அதன் நெளிவு சுளிவெல்லாம் படித்துக்கொண்டான். பக்கத்து டவுனான ஜாசினில் நடந்த பந்தயத்தில் டவுன் பையன்களையெல்லாம் பின்னால் தள்ளி முதலாவதாக வந்தான். குஞ்சம்மா வாய்விட்டுப் புகழ மாட்டாள். "மரத்துக்கு மரம் நடக்கறவருக்கு ஓடத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. எல்லாத் தோட்டத்திலும் ஒரே புலம்பல். ஒருநாள் காலையில் பெயர் கூப்பிட ஆட்களை நிறுத்தி வைத்திருந்தபோது, துரை ஏதோ ஆங்கிலத்தில் சொல்ல, தோட்டத்துக் கணக்குப் பிள்ளையான கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"இனிமே வேலை பாதிதான். கெழடு, நோயாளி, கண்ணு தெரியாதவன், கை கால் வெளங்காதவன், இவங்களுக்கெல்லாம் மொதல்ல ஊருக்குக் கப்பல். சும்மாவே கொண்டுபோய் விட்டுடுவாங்க. அப்புறம் மத்தவங்களைப் பத்திப் பார்க்கலாம்."

ஊர் என்றால் இந்தியா. அன்றைக்குச் சாப்பிடும்போது குஞ்சம்மா கேட்டாள். "ஏங்க, நமக்கு அங்க எந்த ஊரு?"

அப்புசாமி சோற்றைப் பிசைந்தான். அப்பா சொன்ன பெயர் பாதிதான் ஞாபகம் இருந்தது. "அது நமக்கெதுக்கு? இந்தக் கண்ணு இருக்கற வரைக்கும் எந்தக் கப்பலும் நம்மளைத் தொடாது. நீ சாப்பிடு" என்றான்.

இந்தச் சமயத்தில்தான் கணேசமூர்த்தி வந்து சேர்ந்தான். மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. வாலிபர் சைக்கிள் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர், அவன்தான் மூளை, வாயும் அவன்தான். இந்தியாவில் வடக்கத்திப் பையன்கள் சிலர் அங்கிருக்கும் பாலைவனத்தையே சைக்கிளில் கடந்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கூட வர, ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் வீராசாமி சம்மதித்துவிட்டான். சைக்கிள் உடைந்தால் ஒட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

"பச்சையா இருக்கற ஊர்ல எவன் வேணாலும் ஓட்டலாம் லா, அப்பு. பாலைவனத்துல ஓட்டினாத்தான் பேப்பர்ல போடுவான். செலவெல்லாம் சங்கத்தோடது. நீ உடம்பை மட்டும் கொண்டு வா."

வேலை பாதியாகிச் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? துரையும் சிரித்துக்கொண்டே, திரும்பி வந்தால் உன் மரங்கள் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். குஞ்சம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மலாக்கா வெயில் போதலியா உங்களுக்கு? வெயில் பார்க்கக் கப்பலேறிப் போவாங்களா யாராச்சும்?"

"போய்ட்டு வந்து சொல்றேன், எது பெரிய வெயில்னு" என்று அவளைச் சீண்டிவிட்டுக் கிளம்பினான்.

மூன்று பேரும் மலாக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். இந்தியாவை ஒருவனும் பார்த்ததில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள், ரயிலேறினார்கள், சன்னல் வழியாக வயலும் கோபுரமும் ஓடுவதைப் பார்த்தபடியே பம்பாய் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து சைக்கிள். ஊர்கள் சிறுத்துக்கொண்டே போய், மரங்கள் குறைந்து, கடைசியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய மணல் தடம்தான் பாதை என்று ஆயிற்று.

அந்த வெயிலை என்னவென்று சொல்ல! மலாக்கா வெயில் வியர்க்க வைக்கும்; இது வியர்வையையும் குடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தது. சீட்டில் உட்கார முடியாமல் ஈரத் துணியைப் போட்டார்கள், துணி அப்பளமாகக் காய்ந்தது. பாதித் தூரம் சைக்கிள் அவர்களைச் சுமந்தது என்றால் மீதித் தூரம் அவர்கள் சைக்கிளைச் சுமந்தார்கள். கணேசமூர்த்தியின் வாய் நாளுக்கு நாள் சுருங்கியது. நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

முள்தான் பெரிய எமன். மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஒட்டி ஒட்டி, கடைசியில் ஒருநாள் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே இரண்டு டயர்கள் ஒன்றாக இறங்கின. அப்புசாமி சொல்யூஷன் டப்பாவைத் திறந்தான். சூட்டில் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. ஒட்டுப்போட ரப்பர் துண்டு இருக்கிறது, பசை இல்லை. கணேசமூர்த்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

அப்புசாமி சுற்றுமுற்றும் பார்த்தான். தடத்தோரம் இடுப்பளவுக்குச் செடிகள் நின்றன. சாம்பல் பூத்த தடித்த இலை, கொத்துக் கொத்தாக வெள்ளையும் ஊதாவும் கலந்த பூ. சும்மா ஒரு கிளையை ஒடித்தான். வெள்ளை வெளேரென்று பால் வடிந்தது.

மலாக்காவை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தில் முழுச் சிரிப்பு. "வீரா! இங்க வாடா! இங்கயும் பால்டா!"

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. தண்டில் பேனாக்கத்தியை வைத்து, தோட்டத்தில் மரத்துக்குப் போடுகிற அதே சாய்வில் கீறினான். கீழே சிகரெட் டின் மூடியைப் பிடித்தான். செடிக்குச் செடி போய்ப் பால் எடுத்துவந்து டியூபில் தடவினான், கொஞ்சம் காயவிட்டு ரப்பர் துண்டை வைத்து அழுத்தினான். ஒட்டிக்கொண்டது! கணேசமூர்த்திக்குத் துள்ளிக் குதிக்காத குறை. "மலாக்காக்காரன்னா சும்மாவா லா!" என்று பாலைவனத்தைப் பார்த்துக் கத்தினான். அப்புசாமி சிரித்துக்கொண்டே புறங்கையால் நெற்றியைத் துடைத்தான். மணல் விழுந்து கண் உறுத்தியது, கசக்கினான். இன்னொரு கண்ணையும் கசக்கினான். எரிச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. வாழ்நாளெல்லாம் செய்ததைத்தான் செய்தான்.

மறுபடி மிதிக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் போனதும், "என்னண்ணே, இப்படிப் பனி மூட்டம் போட்டிருக்கு?" என்று கேட்டான்.

கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தான். உச்சி வெயில். தகடு மாதிரி வானம். எங்கே பனி?

"நம்ம தோட்டத்துல விடியக்காலையில இருக்குமே, அதே மாதிரி" என்றான் அப்புசாமி. சந்தோஷமாகவே சொன்னான். சொல்லிக்கொண்டே தடத்தை விட்டு விலகி, மணலில் சக்கரம் புதைந்து விழுந்தான்.

வீராசாமி ஓடிவந்து அவன் தலையை நிமிர்த்தினான். கருவிழி கருப்பாக இல்லை. ஆவி படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது, இரண்டும். வீராசாமி கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அப்பு, இது என்ன?"

"எது?"

வீராசாமி கையைக் கீழே இறக்கினான்.

"வலிக்குதாடா?"

"இல்லியே. என்னடா ஆச்சு? ஏன்டா ரெண்டு பேரும் பேச மாட்டேங்கறீங்க?"

வலித்திருந்தால்கூட மனது ஒரு மாதிரி ஒப்புக்கொண்டிருக்கும். முள் குத்தவில்லை, அடி படவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, கண் போய்விட்டது. அப்புசாமியால் அதை நம்பவே முடியவில்லை. இமையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். வெளிச்சம் பட்டால் கூசியது. மற்றபடி வெள்ளை, எங்கும் வெள்ளை. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை வீராசாமி அவன் கண்ணில் ஊற்றிக் கழுவினான். இன்னும் கொஞ்சம் வெளுத்ததே தவிர, ஒன்றும் தெரியவில்லை.

அங்கே நின்றால் மூன்று பேருமே காய்ந்து போவார்கள். அப்புசாமியின் இடுப்பில் கயிறு கட்டி வீராசாமி பிடித்துக்கொண்டான். கணேசமூர்த்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் மணியடித்தபடியே நடந்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அப்புசாமி தடுமாறித் தடுமாறி நடந்தான். அவனுக்கு வெயில் உறைக்கவில்லை, தாகம் உறைக்கவில்லை. 'கண்ணு தெரியாதவனுக்கு மொதல்ல கப்பல்' என்று கிராணி சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இனித் தன்னையும் குஞ்சம்மாவையும் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஓர் ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். வழியெல்லாம் வாய்விட்டு அழுதான்.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு ரயில்வே துரையின் பங்களா இருந்தது. அங்கே சமையல்காரர் சேலத்துப் பக்கத்து மனிதர், தம்புசாமி என்று பெயர். அந்த அத்துவானத்தில் தமிழ்ச் சத்தம் கேட்டு, கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னத்தப்பா கண்ணுல வுட்டே?"

"செடிப் பாலுங்கண்ணே. ரோட்டோரத்துல... வெள்ளைப் பூ..."

தம்புசாமி விடுவிடுவென்று வெளியே போய் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து வீராசாமியிடம் காட்டினார். "இதுவா?"

வீராசாமி தலையாட்டினான்.

"எருக்கு! அடப் பாவிகளா! எருக்கம்பாலை எடுத்தா கண்ணுல தேச்சே?" அவர் கை தானாகத் தலைக்குப் போனது. "எங்க ஊர்ல ஆடு மேய்க்கற பொடுசுகூட அதைத் தொட்ட கையைக் கண்ணுகிட்டக் கொண்டு போகாதே! நீங்கல்லாம் தமிழங்கதானா?"

எருக்கு என்ற பெயரை மூவரும் கேட்டிருந்தார்கள். பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போடுவார்கள் என்று அம்மா சொல்லி அப்புசாமிக்கே தெரியும். செடியைத்தான் பார்த்ததில்லை. நியாலாஸ் தோட்டத்தில் எந்தக் கொடி அரிக்கும், எந்தக் கிழங்கு கசக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இங்கே, அப்பனும் பாட்டனும் பிறந்த தேசத்தில், குழந்தைக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை.

கணேசமூர்த்திக்குப் பதற்றம் தாங்கவில்லை. டாக்டர் வந்து பார்ப்பதற்குக்கூடக் காத்திராமல் ஓடிப்போய் மலாக்காவிலிருக்கும் சங்கத் தலைவருக்குத் தந்தி அடித்துவிட்டான். அப்புசாமி பாலைவனத்தில் குருடானான், பயணம் நின்றது, வீட்டுக்குச் சொல்லவும். அவ்வளவுதான் தந்தி.

ரயில்வே டாக்டர் வந்தவர் மருந்து போட்டுக் கட்டுக் கட்டினார். தெளிந்தாலும் தெளியலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். தம்புசாமி தன் அறையிலேயே அவனைப் படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றினார். நாட்கள் போயின. கட்டை அவிழ்த்த ஒவ்வொரு முறையும் அப்புசாமி மூச்சைப் பிடித்துக்கொள்வான். முதலில் சன்னலின் சதுரம் தெரிந்தது, பிறகு ஆள் நடப்பது தெரிந்தது. ஒரு காலையில் கட்டை எடுத்தபோது தம்புசாமியின் மீசை தெரிந்தது. நரைத்த மயிர் தனித்தனியாகத் தெரிந்தது! அப்புசாமி அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அண்ணே, வீட்டுக்கு ஒரு தந்தி குடுத்துடுங்க. கண்ணு வந்துருச்சுன்னு" என்று கணேசமூர்த்தியிடம் கெஞ்சினான்.

கணேசமூர்த்திக்குப் பழைய வாய் திரும்பியிருந்தது. "தந்தியில என்னடா இருக்கு? நேர்ல போய் நிப்போம். நீ கண்ணைத் தொறந்துகிட்டு முன்னால நின்னா குஞ்சம்மா மூஞ்சி எப்படி ஆகும்? அதைப் பார்க்க வேணாமா?"

அப்புசாமிக்கும் அது பிடித்துப்போயிற்று. கெட்ட செய்தி என்றால் தந்தி, நல்ல செய்தி என்றால் நேரில்! யார் கண்டுபிடித்த புத்தியோ, தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ரயிலேறி நாகப்பட்டினம் வந்தார்கள். அவர்கள் ஏற வேண்டிய கப்பலிலிருந்து தோட்டத்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தகரப் பெட்டியும் பாய்ச் சுருளுமாகப் பெரிய கூட்டம். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கரையில் குவியல் குவியலாக உட்கார்ந்திருந்தார்கள். அப்புசாமி தூரத்திலிருந்தே பார்த்தான். பாவமாக இருந்தது, கூடவே நமக்குக் கண் திரும்பி வந்ததே என்ற நிம்மதியும் இருந்தது. அதிகம் பார்க்கவில்லை. கப்பலில் நல்ல இடம் பிடிக்க ஓடினார்கள்.

மலாக்கா வந்ததும் சங்கத்துக்குக்கூடப் போகவில்லை. மூவரும் நேரே நியாலாஸுக்கு மிதித்தார்கள். கணேசமூர்த்தி ஒரு மாலை வாங்கி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டிருந்தான். வழியெல்லாம் பேச்சு, சிரிப்பு. அப்புசாமி கண்ணை மூடிக்கொண்டு குஞ்சம்மா முன் போய் நிற்பது, பிறகு திடீரென்று திறப்பது என்று ஏற்பாடு.

லயத்தில் பாதி அறைகள் மூடிக் கிடந்தன. அவன் அறைக் கதவில் வெளியே தாழ்ப்பாள். பக்கத்து அறை வேலாயி, குஞ்சம்மாவுக்கு அக்கா முறை வைத்துப் பழகிய கிழவி, வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முறத்தைத் தவறவிட்டாள். அரிசி வாசலெல்லாம் சிதறியது.

"அப்பு... உனக்குக் கண்ணு தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுக்கா! குஞ்சு எங்க?"

வேலாயி முறத்தை ஒதுக்கினாள். எழுந்து வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்.

"உனக்குக் கண்ணு போச்சுன்னு சங்கத்துக்காரரு வந்து சொன்னாருப்பா. அன்னிலேருந்து அவ சோறு திங்கல. கிராணிகிட்டப் போய் அழுதா. அவருதான் சொன்னாரு, ஒம் புருஷன் அங்கதானே இருக்கான், இங்க நீ தனியா என்ன செய்யப் போற, கப்பல் சும்மாதான் போகுது, பேரைக் குடுத்துட்டுப் போன்னு. போயிட்டாப்பா. நீங்க ஏறி வந்த அதே கப்பல்லதான், இங்கேருந்து அது போனப்ப."

கணேசமூர்த்தி ஹேண்டில்பாரிலிருந்த மாலையை அவிழ்த்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அப்புசாமி கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்கேன்னுக்கா போனா? அவளுக்கு அங்க யாரைத் தெரியும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். நீ இருக்கற எடத்துப் பேரைச் சங்கத்துக்காரரு ஏதோ சொன்னாரு, எங்க வாயில நொழையல. பாலைவனம்னு மட்டும்தான் வெளங்குச்சு." வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாகப்பட்டினத்துல எறங்கி, பாலைவனத்துக்கு எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு நடந்துடறேன்க்கா, அவருக்கு இனிமே நாந்தான் கண்ணுன்னு சொல்லிட்டுப் போனா."

அப்புசாமி அடுத்த கப்பலிலேயே திரும்பிப் போய்த் தேடினான், குஞ்சம்மா கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்துக் கடைத்தெருவில் அப்படி வழி கேட்ட ஒரு பெண்ணைப் பலருக்கும் ஞாபகம் இருந்தது. முதலில் சிரித்தார்களாம். அவள் விடாமல் நின்று கெஞ்சவே, வடக்கே போம்மா என்று கையைக் காட்டி அனுப்பி வைத்தார்களாம்.